அடிஸ் அபாபாவில் முதல் முறை இஞ்சேரா சாப்பிடப் போகிறவர்களுக்கு

எத்தியோப்பியக் கல்லூரிகளில் பாடம் நடத்தப் போகிற நம் ஊர் ஆசிரியர்களில் பலர், முதல் சில வாரங்களை அறையில் ரொட்டியும் வாழைப்பழமும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிக்காய்ச்சலுமாகக் கழித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தெருவுக்குத் தெரு உணவகம் இருக்கும். பெயர்ப்பலகை புரியாத எழுத்தில் இருக்கும். எட்டிப் பார்த்தால் நான்கு பேர் ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலோடு திரும்பிவிடுவோம். உண்மையில் கையால் உண்பது, இஞ்சேரா என்னும் அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைத்து வார்ப்பது, பருப்பு, கீரை, மிளகாய்க் காரம் என்று அந்தச் சாப்பாட்டில் முக்கால் பங்கு நமக்குப் பழக்கமானதுதான். மீதமுள்ள கால் பங்கு, அதாவது ஒரே தட்டில் பலர் உண்பதற்கான ஒழுங்கு, முன்கூட்டியே தெரிந்திருந்தால் கூச்சம் பெருமளவு போய்விடும். எத்தியோப்பியத் தலைநகரான அடிஸ் அபாபாவின் சாதாரண உணவகம் ஒன்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வெளிநாடுகளில் உள்ள எத்தியோப்பிய உணவகங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்: மணியும் கிழமையும்

எத்தியோப்பியர்கள் பேச்சில் மணியைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு அது ஒரு மணி. நம் பகல் ஒரு மணி அவர்களுக்கு ஏழு மணி. உடன் பணியாற்றிய ஒருவர் சனிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பிட வரச் சொன்னார். நான் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இரவு ஏழு மணிக்குப் போய் நின்றேன். அவரோ பகல் ஒரு மணிக்கு வந்து, வெகுநேரம் காத்திருந்துவிட்டு, தனியாகச் சாப்பிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை அவரைப் பார்த்தபோது அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆகவே யாராவது நேரம் சொன்னால், அது எத்தியோப்பிய மணியா, வெளிநாட்டு மணியா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள். அங்கே அது வழக்கமான கேள்விதான்.

அடுத்துக் கிழமையைப் பாருங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெடோ திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு இருக்கிறார்கள். ஃபாசிகா எனப்படும் உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு முன்வரும் 55 நாட்களும், ஆகஸ்டில் வரும் ஃபில்செத்தா நாட்களும், ஜனவரி 7 அன்று கொண்டாடப்படும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களும் இவற்றோடு சேரும். நோன்பு நாளில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஆகிய எதுவும் இல்லை. ஆனால் சாப்பாடு உண்டு. சைவம் உண்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. முதல் வருகையைப் புதன் அல்லது வெள்ளி மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அன்றைக்குத்தான் நோன்புத் தட்டு எல்லாக் கடைகளிலும் புதிதாகவும் வகை நிறைந்ததாகவும் இருக்கும். மாறாக, டோரோ வொத் எனப்படும் கோழிக் குழம்புக்காகப் போகிறவர்கள் இந்த நாட்களில் போனால் பெரும்பாலும் ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும். ஃபாசிகாவை அடுத்த ஐம்பது நாட்களில் மட்டும் புதன், வெள்ளி நோன்பு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன கேட்பது

முதல் முறைக்கு ஒரே ஒரு பெயரைப் பாடம் செய்துகொண்டால் போதும்: யெட்சோம் பெயாய்நெத்து. ட்சோம் என்றால் நோன்பு. பெயாய்நெத்து என்றால் வகைவகையாக என்று பொருள். விரித்த இஞ்சேராவின் மேல் ஏழெட்டுக் குவியல்களாகப் பரிமாறி ஒரு தாம்பாளம் வரும். அதில் சிவப்பாக இருப்பது மிஸிர் வொத், நம் மைசூர்ப் பருப்பைக் காரமாகச் சமைத்தது. மஞ்சளாக, காரமில்லாமல் இருப்பது கிக் அலிச்சா, பட்டாணிப் பருப்பு. கீரைக்குக் கோமென் என்று பெயர். முட்டைகோஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஒன்றாக வதக்கியது ஒரு பக்கமும், பீட்ரூட் ஒரு பக்கமும் இருக்கும். நடுவில் பெரும்பாலும் ஷீரோ இருக்கும். கடலை, பட்டாணி போன்றவற்றை வறுத்து அரைத்த மாவை மசாலாவோடு கரைத்துக் கொதிக்க வைத்த குழம்பு அது.

காரம் பற்றி ஒரு வார்த்தை. வொத் எனப்படும் குழம்புகளில் சிவப்பு ஒரு குடும்பம், அலிச்சா எனப்படும் மஞ்சள் இன்னொரு குடும்பம். சிவப்புக்குக் காரணம் பெர்பெரே என்னும் மசாலாப் பொடி. காய்ந்த மிளகாயோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்னும் அந்த நாட்டு ஏலக்காய் ஆகியவை அதில் சேர்கின்றன. நமக்கு அந்த மணம் உடனே பிடிபடும். ஆனால் புளியோ தேங்காயோ இல்லாததால் நாக்கு எதையோ தேடும். வெங்காயத்தை முதலில் எண்ணெயே இல்லாமல் நெடுநேரம் வதக்கிக் கரைய விடுவதால், அந்தக் குழம்புகளின் அடியில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்கும். புளிப்புக்கு அவர்கள் குழம்பை நம்பவில்லை. அது இஞ்சேராவிலிருந்து வருகிறது.

சைவம் உண்பவர்கள் நோன்பு அல்லாத நாளில் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். ட்சோம் என்ற சொல்லைச் சொன்னாலே இறைச்சியும் பாலும் விலகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் தனியாக ஷீரோவோ கீரையோ கேட்டால் அதில் கிபே எனப்படும் மசாலா நெய் சேர்ந்திருக்கலாம். நெய் வேண்டாம் என்பவர்கள் "யாலே கிபே" என்று சொல்ல வேண்டும். பொஸெனா ஷீரோ என்று பட்டியலில் கண்டால் அதில் மாட்டிறைச்சித் துண்டுகள் உண்டு. நோன்பு உணவிலும் சில கடைகளில் மீன் சேர்ப்பது உண்டு. மீனுக்கு ஆசா என்று பெயர். இறைச்சி உண்ணமாட்டேன் என்பதற்கு "சிகா அல்பெலாம்" என்ற தொடர் போதும்.

இறைச்சி உண்பவர்களில் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள், வெறுமனே சிகா என்றால் அது பெரும்பாலும் மாடுதான் என்று அறிந்திருக்க வேண்டும். ஆட்டிறைச்சிக்கு "பெக்" என்று கேட்க வேண்டும். திப்ஸ் என்பது வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும் வறுத்த இறைச்சித் துண்டுகள். முதல் முறைக்கு ஏற்றது. கிட்ஃபோ என்பது குராகே மக்களின் புகழ்பெற்ற உணவு. கொத்திய மாட்டிறைச்சியை மிட்மிட்டா என்னும் கடுங்காரப் பொடியும் மசாலா நெய்யும் சேர்த்துப் பச்சையாகவே தருவார்கள். பச்சை இறைச்சியால் நாடாப்புழு தொற்ற வாய்ப்பு உண்டு என்பதால், சுவைக்க விரும்புகிறவர்கள் "யெபெஸெலெ", அதாவது வெந்தது, என்று கேட்டு வாங்குவதே நல்லது. "லெப் லெப்" என்றால் சூடு காட்டியது மட்டுமே. அதை வெந்ததாகக் கருத வேண்டாம். இன்னொன்றும் உண்டு: அந்நாட்டுக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பொதுவாகத் தத்தம் சமயத்தார் அறுத்த இறைச்சியையே உண்கிறார்கள். ஹலால் வேண்டுவோர் முஸ்லிம் உணவகத்தைத் தேடிப் போக வேண்டும். உள்ளூர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் எந்த வகை உணவகம் என்று முன்பே கேட்டுவிடுவது மரியாதை. பன்றி இறைச்சி இரு சாராரிடமும் இல்லை.

அளவைப் பொறுத்தவரை, மூன்று பேருக்கு இரண்டு பெயாய்நெத்து சொன்னால் வயிறு நிறையும். இருவருக்கு என்றால் "லெ ஹுலெத்" என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று சொன்னாலும் எல்லாவற்றையும் ஒரே பெரிய தாம்பாளத்தில் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். தனித் தட்டு வேண்டுமானால் கேட்கலாம், தருவார்கள். ஆனால் கூட வந்தவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அப்படிக் கேட்காதீர்கள். ஒரே தட்டில் உண்பதைத்தான் அவர்கள் சேர்ந்து உண்பதாகக் கருதுகிறார்கள்.

இஞ்சேராவைப் புரிந்துகொள்ளுதல்

தாம்பாளம் வந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்கிற தவறு, இஞ்சேராவைத் தோசை என்று நினைத்துக்கொள்வதுதான். பார்ப்பதற்கு ஒரு பக்கம் மட்டும் சுட்ட பெரிய ஆப்பம் போல, ஒரு முழத்துக்கும் சற்று அதிக அகலத்தில் இருக்கும். மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டித் துளைகள். அத்துளைகளைக் கண்கள் என்றே சொல்கிறார்கள். கண் நெருக்கமாகவும் சமமாகவும் விழுந்தால்தான் வார்த்தவரின் கைக்குப் பெருமை. ஆனால் அது சூடாக வராது. காலையில் வார்த்து அடுக்கி வைத்ததை ஆறிய நிலையில், ஈரத்துணி போல மெத்தென்று தருவார்கள். ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். சூடு குழம்பில் இருக்கிறது.

இஞ்சேராவின் தானியம் டெஃப். கடுகைவிட மிகவும் சிறிய விதை அது. கைதவறித் தரையில் விழுந்தால் பொறுக்க முடியாது. வெள்ளை டெஃப் விலை கூடியது, பழுப்பு டெஃப் மண்வாசனை கூடியது. எனக்குப் பழுப்பில்தான் ருசி. மாவைக் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்து நின்ற எர்ஷோ என்னும் மஞ்சள் நீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு அதில் ஒரு பங்கை எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி மீண்டும் மாவில் கலக்கிறார்கள். ஆப்ப மாவுக்குக் கப்பி காய்ச்சிச் சேர்க்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மித்தாத் எனப்படும் அகலமான மண் கல்லில், வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றி, மூடி போட்டு எடுக்கிறார்கள். திருப்பிப் போடுவதே இல்லை. நாம் நமதென்று எண்ணும் கேழ்வரகும் ஆதியில் அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்ததுதான். அங்கே அதற்கு டகுசா என்று பெயர்.

முதல் வாயில் புளிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரியும். வெறும் இஞ்சேராவைப் பிய்த்து ருசி பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது தனியாகத் தின்பதற்கு ஆனதன்று. வெறும் பழைய சோற்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நம் சாப்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்! காரக் குழம்போடு சேரும்போது அந்தப் புளிப்பு அடங்கி, குழம்பின் கனத்தையும் குறைக்கும். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் டெஃப்போடு கோதுமையோ வேறு மாவோ கலப்பது உண்டு என்பதால் அங்கே புளிப்பு குறைவாக இருக்கலாம். டெஃப்பில் குளூட்டன் இல்லை என்று கேள்விப்பட்டு, கோதுமை ஒவ்வாதவர்கள் அங்கே நம்பிக்கையோடு போய் உட்கார்ந்துவிடக் கூடாது; முழு டெஃப்பா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உண்ணும் முறை

உட்கார்ந்ததும், அல்லது தாம்பாளம் வந்ததும், பரிமாறுபவர் ஒரு செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து கையில் நீர் ஊற்றக்கூடும். எளிய கடைகளில் ஒரு மூலையில் குழாயும் சோப்பும் இருக்கும். எப்படியானாலும் எல்லோரும் பார்க்கக் கை கழுவிவிட்டே தட்டில் கை வைக்க வேண்டும். சில இடங்களில் மேசைக்குப் பதிலாக மெசோப் எனப்படும் பின்னிய கூடை இருக்கும். அதன் கூம்பு வடிவ மூடியை எடுத்துவிட்டுத் தாம்பாளத்தை வைப்பார்கள். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து குனிந்து உண்ண வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் உள்ளே நுழையும்போதே சாதாரண மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வலக் கை மட்டும். இதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், பிய்ப்பதற்குக்கூட இடக் கையைத் துணைக்கு அழைக்கக் கூடாது என்பதுதான் புதிய பாடம். ஓரத்தில் சுருட்டி வைத்திருக்கும் இஞ்சேராவில் ஒன்றை எடுத்து உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவிரலாலும் சுண்டுவிரல் பக்கத்து விரல்களாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூன்று விரல்கடை அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழியுங்கள். துளைகள் உள்ள பக்கம் குழம்பின் மேல் படும்படி அந்தத் துண்டைக் கவிழ்த்து, விரல் நுனிகளால் கூட்டிக் கிள்ளி எடுங்கள். கண்கள் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். விரலில் எதுவும் ஒட்டாது. நான் முதல் நாள் சப்பாத்தியைப் பிய்ப்பது போலப் பெரிய துண்டாகக் கிழித்து, குழம்பில் தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியை மேசையில் சிந்தினேன். எதிரில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல், தான் கிழித்த சின்னத் துண்டை என் கண்ணில் படும்படி மெதுவாக ஒரு முறை செய்து காட்டினார். தோய்ப்பதை விட்டுக் கிள்ளத் தொடங்கியதும் கை தானாகப் பழகிவிட்டது.

சோற்றைப் பிசைவது போல எல்லாக் குவியல்களையும் கலந்துவிட வேண்டாம். விரலை நக்க வேண்டாம். அடுத்தவரும் அதே தட்டில் கை வைக்கிறார். உங்களுக்கு எதிரே உள்ள பகுதியில் இருப்பதை உண்ணுங்கள். எதிர்ப்பக்கத்தில் உள்ள கீரை வேண்டும் என்றால் தட்டின் குறுக்கே கையை நீட்டாமல் கேளுங்கள், அவர்களே தள்ளி வைப்பார்கள். டோரோ வொத் வந்தால் அதில் கிடக்கும் அவித்த முட்டையை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரரோ அழைத்து வந்தவரோ பிட்டுப் பங்கிட்டுத் தருவார். சுருள்கள் தீர்ந்த பிறகு அடியில் விரித்திருக்கும் இஞ்சேராவுக்கு வாருங்கள். எல்லாக் குழம்பும் ஊறி இறங்கிய அந்த அடிப்பாகத்துக்குத்தான் பழகியவர்கள் வயிற்றில் இடம் வைத்திருப்பார்கள்.

இடையில் ஒருவர் தன் கையால் ஒரு கவளத்தை உருட்டி உங்கள் வாயருகே நீட்டலாம். அதற்குக் குர்ஷா என்று பெயர். நம்மில் தாய் பிள்ளைக்கு ஊட்டுவதும் திருமண வீட்டில் மணமக்கள் ஊட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே வளர்ந்த ஆண்கள் நண்பனுக்கு ஊட்டுகிறார்கள், மாமியார் மருமகனுக்கு ஊட்டுகிறார். கையில் வாங்கிக்கொள்ள முயலாமல், சற்று முன்னால் குனிந்து வாயைப் பெரிதாகத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள். கவளம் பெரியதாகவே இருக்கும், ஒன்றோடு நிற்கவும் நிற்காது. மறுப்பது மனத்தைச் சுடும். திருப்பி நீங்களும் ஒன்று ஊட்டினால் மகிழ்வார்கள். எச்சில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி, நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தி நன்றி சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பக்கத்து மேசையைக் கடந்து போகும்போது, முன்பின் தெரியாதவர்கள் தட்டைக் காட்டி "எந்ப்லா" என்று சொல்லக்கூடும். சாப்பிடலாம் வாருங்கள் என்று பொருள். நம் ஊரில் "சாப்பிடுறீங்களா" என்பது போன்ற உபசாரம்தான்; "அமெசெக்னாலெஹு" என்று நன்றி சொல்லிவிட்டு நடந்தால் போதும். வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு "தெகெப்கு" என்ற சொல் உண்டு. சொன்னாலும் இன்னும் கொஞ்சம் என்பார்கள். மூன்றாம் முறை சொல்லும்போது நம்புவார்கள்.

குடிப்பதற்கு

தண்ணீர் கேட்டால் அம்போவா என்று கேட்பார்கள். அது அம்போ என்ற ஊரின் ஊற்றிலிருந்து வரும் வாயு நிறைந்த கனிம நீர். இஞ்சேராவோடு நன்றாகச் சேரும், ஆனால் சாதாரணத் தண்ணீர் என்று நினைத்து மடக்மடக்கென்று குடித்தால் மூக்கில் ஏறும். தேனைப் புளிக்க வைத்துச் செய்யும் தெஜ், நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் வரும். இனிப்பாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது, வந்த முதல் வாரத்தில் மது விரைவாகத் தலைக்கேறும். மது அருந்தாதவர்கள் புளிக்காத தேன் நீரான பிர்ஸ் கிடைக்குமா என்று கேட்கலாம்.

கணக்கும் காப்பியும்

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கை கழுவிவிட்டு "ஹிசாப்" என்று கேட்டால் கணக்குச் சீட்டு வரும். பட்டியலில் போட்டிருக்கும் விலையோடு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி தனியாகச் சேரலாம். சில இடங்களில் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு அன்பளிப்பை முடிவு செய்யுங்கள். ஒருவர் உங்களை அழைத்து வந்திருந்தால் அவரே கொடுப்பார். பங்கு பிரிக்கும் பேச்சை எடுக்காமல், அடுத்த முறை நீங்கள் அழைப்பதே அங்கே முறை.

எழுந்து போவதற்கு முன் காப்பி. அதற்குப் புன்னா என்று பெயர். வாசலருகே தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, தாழ்ந்த முக்காலியில் ஒரு பெண், முன்னால் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழுச் சடங்காக நடத்தும்போது, பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுத்து, வறுத்த புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் அருகே கொண்டுவந்து காட்டி, இடித்து, ஜெபெனா என்னும் கரிய மண்குடுவையில் கொதிக்க வைப்பார்கள். சாம்பிராணி புகையும், பொரித்த சோளம் ஒரு தட்டில் வரும். அதே தூளில் மூன்று முறை நீரூற்றிக் காய்ச்சும்போது முதலாவது அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. மூன்றாவது ஆசி என்பதால் வீட்டுக்கு அழைத்தவர்கள் அதற்கு முன் எழ விடமாட்டார்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உணவகத்தில் அந்தக் கட்டாயமில்லை, ஒரு கோப்பை குடித்துவிட்டுக் கிளம்பலாம். சர்க்கரை நிறையப் போடுவார்கள், வேண்டாம் என்றால் ஊற்றும் முன்பே சொல்லுங்கள். தெனாதாம் எனப்படும் அருவதா இலைக் கொத்து ஒன்றைக் கோப்பையில் போட்டுத் தந்தால், மணத்துக்காகப் போட்டது, எடுத்து எறிய வேண்டாம். பல கடைகளில் அந்தப் பெண் உணவகத்தின் ஊழியர் அல்லர், தனியாகத் தொழில் செய்பவர். காப்பிக்கான காசை அவரிடமே தர வேண்டும். பெரிய நோட்டுக்கு அவரிடம் சில்லறை இருக்காது, ஆகவே சிறிய பிர் நோட்டுகள் சிலவற்றைச் சட்டைப் பையில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.